போட்டுக்குப் பிளாஸ்ரிக் பலகை போட்டு ஒண்டரை வருசம்: எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது

முல்லைத்தீவில 18 அடி பைபர் போட் ஒண்டு வச்சுத் தொழில் செய்யிறன், 25 குதிரை யமஹா எஞ்சின். பைபர் போட் வச்சிருக்கிற எல்லாருக்கும் இருக்கிற கவலைதான் எனக்கும், உடம்பு இருவது வருசம் கிடக்கும் ஆனா அதுக்குள்ள கிடக்கிற பலகை ரெண்டு மாரிக்கு நிண்டுபிடிக்காது. இருக்கிற பலகை, மீன்பெட்டி மூடி, எஞ்சின் கவ்வுற இடத்துப் பலகை, போட்டின்ர முன்பக்கம், அணியத்தில கயிறு கட்டுற கட்டைக்குக் கீழ வைக்கிற துண்டு, எல்லாமே பிளைவூட். உப்புத்தண்ணி ஒரு ஸ்குறு ஓட்டைக்குள்ளால போனாக் காணும், உள்ளுக்க ஊறி ஊதி, மழையில நனைஞ்ச கொப்பி மாதிரித் தாள் தாளாக் கழண்டு வரும். வாடைக்காத்துக்குப் போட்டைக் கரையில ஏத்திப்போட்டு ஒவ்வொரு வருசமும் அதைத்தான் கழட்டுறதும் பூட்டுறதும். அதால பிளாஸ்ரிக் பலகை எண்டு கேள்விப்பட்ட உடன எனக்கு ஆசை வந்திட்டுது, ஆசையில முதல்தரம் பிழையான சாமானை வாங்கிக் காசைக் குடுத்தனான், இப்ப சரியானதைப் பூட்டி ஒண்டரை வருசம் ஆகுது. ரெண்டையும் சொல்லுறன், வாங்கப்போற ஆக்களுக்கு உதவும்.

முதல் வாங்கினது கிளிநொச்சிப் பக்கம் ஒரு கடையில. வெள்ளைவெளேரெண்டு, பாக்க நல்ல வடிவு, 8க்கு 4 பலகை, 18 மில்லிமீற்றர் தடிப்பு. கடைக்காரத் தம்பி சொன்னார் இது தண்ணிக்கு ஒண்டும் செய்யாது அண்ணை, மரைன் பலகை, எல்லாரும் வாங்குகினம் எண்டு. தண்ணிக்கு ஒண்டும் செய்யாது எண்டது உண்மைதான். ஆனா அது பிவிசி போம் பலகை, குசினி அலுமாரி அடிக்கிறதுக்கெண்டு வாற சாமான், உள்ளுக்க முழுக்கச் சின்னச் சின்னக் காத்துக் குமிழி. நான் அதில மீன்பெட்டி மூடியும் நடு இருக்கையும் அடிச்சன். மூண்டு மாசம் கூடப் போகேல்ல. சித்திரை வெயிலில மூடி நடுவில குழிஞ்சு போச்சு, பிணைச்சல் ஸ்குறு எல்லாம் கையால இழுக்க வருது, இருக்கையில ஒருநாள் கூட வந்த பெடியன் நங்கூரத்தைப் பொத்தெண்டு வைக்க மூலை உடைஞ்சு விழுந்திது, உடைஞ்ச இடத்தைப் பாத்தா பாண் துண்டு மாதிரி இருக்கு. பிவிசி அறுபது எழுவது பாகை சூட்டுக்குக் கிட்ட இளகத் தொடங்கும், எங்கட வெயிலில மூடி வச்ச பெட்டிக்கு மேல கிடக்கிற பலகை அந்தச் சூட்டுக்குக் கிட்டப் போகும் எண்டதை நான் யோசிக்கேல்ல. வீட்டுக்குள்ள குசினிக்கு அது நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டன், மனுசி மிச்சத் துண்டில சாமான் தட்டு அடிப்பிச்சு இண்டைக்கும் அப்பிடியே இருக்கு. கடலுக்கு அது வேண்டாம்.

இந்தக் கதையை நான் கள்ளுத் தவறணையில சொல்லிக்கொண்டு இருக்கேக்கதான் எல்லாம் தொடங்கினது. எங்கட போட் ஆக்கள் கடலால வந்து, மீனைக் குடுத்து, வலையைத் துப்பரவாக்கி, போட்டையும் கழுவிப்போட்டு ஒரு ஒம்பது பத்து மணிக்குத் தவறணையில கூடுறது வழமை. அண்டைக்கு எங்களோட என்ர சித்தப்பான்ர மகனும் இருந்தான், கனடாவில இருக்கிறவன், வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கெண்டு குடும்பத்தோட வந்து நிண்டவன். அவனும் போட்காரன்தான், சிம்கோ வாவியில சின்னப் போட் ஒண்டு வச்சிருக்கிறான், சும்மா பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கிறதுக்கு. நான் பலகைக் கதையைச் சொல்லி முடிக்க முதலே அவன், அண்ணை நீங்கள் வாங்கினது வேற சாமான், அங்க போட்டுக்குப் போடுறது எச்டிபிஈ எண்ட கட்டிப் பிளாஸ்ரிக், அமெரிக்காவில புளோரிடாவில செய்யிற கிங் ஸ்டார்போர்ட் எண்டு ஒரு பலகை இருக்கு, போட் வச்சிருக்கிற ஆக்கள் ரெண்டு பேர் சந்திச்சா ஒண்டு அதைப்பற்றிக் கதைப்பினம், மற்றது பியரைப்பற்றிக் கதைப்பினம் எண்டான். அவன் போனில படம் காட்டினான், தன்ர போட்டில தானே வெட்டிப் பூட்டின கோப்பை வைக்கிற தட்டு, தூண்டில் தடி நிப்பாட்டுற தாங்கி, சின்ன மேசை. எல்லாம் அந்தப் பலகையில. வெட்டின விளிம்பும் மேற்பக்கமும் ஒரே நிறம், பூச்சே இல்லை.

எங்கட சம்மாட்டி அண்ணை, போட்டும் வலையும் வச்சு ஆக்களைக் கொண்டு தொழில் செய்விக்கிறவர், போனை வாங்கிப் பாத்திட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உதில ரெசின் பிடிக்குமோடா?"

"பிடிக்காது பெரியண்ணை. கையால உரிச்சுப்போடலாம்."

"அப்ப பைபர் போட்டுக்கு உது என்னத்துக்கு?"

அந்தக் கேள்வி நல்ல கேள்வி, இந்தப் பலகையைப்பற்றி விளங்கவேண்டிய முக்கால்வாசியும் அதுக்குள்ள கிடக்கு. எச்டிபிஈ மெழுகு மாதிரிச் சாமான். அதில பெயின்ற் பிடிக்காது, பைபர் ஒட்டுற ரெசின் பிடிக்காது, சிலிக்கன் பிடிக்கிறமாதிரி நிண்டு ஒரு கிழமையில தோலா வரும், சாதாரணப் பசை ஒண்டும் சரிவராது. பிளைவூட் மாதிரி மேல பைபர் மற் போட்டு ரெசின் பூசி உடம்போட உடம்பாச் சேக்கலாம் எண்டு நினைச்சு வாங்கினா ஏமாறுவீங்கள். போல்ற் போட்டு இறுக்கிறது ஒண்டுதான் வழி. அதால எஞ்சின் பூட்டுற பின்பலகைக்கு உள்ளுக்க வைக்கிற மரத்துக்குப் பதிலா இதை வைக்கவே கூடாது, அந்த இடத்துக்குப் பைபரோட ஒட்டுற சாமான்தான் வேணும், இல்லாட்டி எஞ்சின் முறுக்கிற முறுக்கில பிரிஞ்சு போகும். ஆனா வெளியால, எஞ்சின் கவ்வி கடிக்கிற இடத்தில உள்ளுக்கொண்டும் வெளியிலொண்டும் வைக்கிற துண்டுக்கு இதைவிட நல்ல சாமான் நான் காணேல்ல. முந்தி வருசத்துக்கு ஒருக்கா மாத்திறது, இப்ப ஒண்டரை வருசமா அந்தத் துண்டு தொட்டுப் பாக்கவும் தேவைப்படேல்ல. ஒரு விசயம் கவனம், இந்தப் பிளாஸ்ரிக் அமத்தி வச்சா மெல்ல மெல்ல விட்டுக்குடுக்கும், அதால முதல் ரெண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் கவ்வியை இறுக்கிப் பாருங்கோ, எஞ்சினுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கோ. பிறகு அது நிண்டிடும்.

சரி, பலகை எங்க எடுத்தது எண்டா, கொழும்பில. ஸ்டார்போர்ட் எண்ட பேரில இஞ்ச நான் தேடேல்ல, தேவையும் இல்லை, ஹோட்டல் குசினியளில இறைச்சி மீன் வெட்டுற வெள்ளைப் பலகை இருக்கெல்லோ, அதே எச்டிபிஈதான், அந்தச் சாமான் விக்கிற இடத்தில முழுப் பலகையா எடுக்கலாம். 8க்கு 4, 12 மில்லிமீற்றர் எடுத்தன். லொறியில பரந்தனுக்கு வந்து அங்கயிருந்து ஏ35 ரோட்டால லான்ட்மாஸ்ரரில வந்தது. வாடியில மீன் நிறுக்கிற தராசில தூக்கிப் பாத்தன், 34 கிலோ. 18 மில்லிமீற்றர் எடுத்தா 50 கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும், கணக்குப் பாத்துக்கொள்ளுங்கோ, சின்னப் போட்டுக்குப் பாரம் பாரம்தான். விலை எனக்குப் பிளைவூட்டைவிட மூண்டு மடங்குக்குக் கிட்ட வந்திது, லொறிக்காசும் சேத்து. கனக்கத்தான். ஆனா பிளைவூட்டைத் திரும்பத் திரும்ப மாத்திற காசு, பெயின்ற் காசு, ரெசின் காசு, கடலுக்குப் போகாம நிண்டு வேலை செய்யிற நாளுக்குக் கூலி எல்லாம் கூட்டிப் பாத்தா எனக்கு அது நட்டமாத் தெரியேல்ல.

வாங்கேக்க இது போமா எச்டிபிஈயா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கனபேர் கேக்கினம். நான் ஏமாந்த ஆள் எண்டபடியா வடிவாச் சொல்லுறன். வெட்டின விளிம்பைப் பாருங்கோ, போம் எண்டா சின்ன ஓட்டை ஓட்டையா இருக்கும், எச்டிபிஈ முழுக்க ஒரே கட்டி. நகத்தால விளிம்பைச் சுரண்டினா மெழுகுதிரியைச் சுரண்டினமாதிரி வழுக்கும். தண்ணிக்குள்ள போட்டுப் பாத்தா ரெண்டும் மிதக்கும், அதால மிதக்குதோ எண்டு மட்டும் பாத்தாக் காணாது, ஆனா எச்டிபிஈ கிட்டத்தட்ட முழுசா அமிழ்ந்து மேல் மட்டத்தில கொஞ்சம்தான் தெரியும், போம் பாதிக்குக் கிட்ட வெளியில நிக்கும். தண்ணிப் பைப்புக்குப் பூசுற பிவிசி கம் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டா போமில நல்லாப் பிடிச்சிடும், எச்டிபிஈயில உரிச்சு எடுக்கலாம். கடைசியா ஒண்டு, ஒரு சின்னச் சீவலை வெளியில காத்துப்படுற இடத்தில குறட்டாலை பிடிச்சு நெருப்புக் காட்டினா எச்டிபிஈ மெழுகுதிரி மணத்தோட எரிஞ்சு சொட்டுச் சொட்டா விழும், பிவிசி நெருப்பை எடுத்த உடன நூந்து மூக்கை அரிக்கிற மணம் வரும். அந்தப் புகை கூடாது, மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ, வீட்டுக்குள்ள செய்யவே வேண்டாம்.

இனி வேலை. மரவேலை ஆயுதமே போதும், அது பெரிய சந்தோசம். ஜிக்சோவில பெரிய பல்லு உள்ள மரம் வெட்டுற பிளேட்டைப் போட்டு வேகத்தைக் குறைச்சு வெட்டவேணும், வேகம் கூடினா வெட்டின இடம் உருகிப் பின்னால திரும்ப ஒட்டிக்கொண்டு வரும், நான் முதல் வெட்டு வெட்டி முடிச்சிட்டுத் தட்டிப் பாக்கிறன் பலகை பிரியேல்ல, வெட்டின மாதிரியே இல்லை, திரும்பவும் வெட்டினன். கிறைண்டரால வெட்டவே வேண்டாம், முழுக்க உருகும். விளிம்பைச் சீவுளியால சீவினா நீளம் நீளமாச் சுருள் வரும், பாக்க ஆசையா இருக்கும். அந்தச் சுருளும் தூளும் ஒண்டும் மண்ணில விழக்கூடாது எண்டு நான் பழைய தறப்பாள் ரெண்டு விரிச்சுப்போட்டுத்தான் வேலை செய்தனான், வேலை முடிய அப்பிடியே சுருட்டிச் சாக்குக்குள்ள போட்டுக் கட்டினன். நந்திக்கடல் கிட்டத்தான் கிடக்கு, இறாலும் மீன் குஞ்சும் வளருற தண்ணி, எங்கட சோறு அதுக்குள்ள இருந்துதான் வருது, அதுக்குள்ள வெள்ளைத் தூள் மிதக்கவிட எனக்கு மனம் வராது. இதை வாசிக்கிற ஆக்கள் கடற்கரையில வச்சு வெட்டுறதெண்டா தயவுசெய்து இந்த ஒண்டை மட்டும் செய்யுங்கோ.

ஓட்டை போடுற விசயத்திலதான் எல்லாரும் பிழைவிடுறது. இந்தப் பலகை வெயிலுக்கு நீளும். மரம் அப்பிடி நீளாது, அதால எங்களுக்கு அந்த யோசனையே வராது. எனக்குக் கனடாத் தம்பி சொன்னவன், நான் நம்பேல்ல, அதால ஒருநாள் விடிய ஆறு மணிக்கு 4 அடித் துண்டு ஒண்டை நெட்டா வச்சு ஒரு முனையைச் சுவரில முட்டவிட்டு மற்ற முனையில நிலத்தில பென்சிலால கோடு போட்டன். மத்தியானம் ஒண்டரைக்குப் போய்ப் பாக்க முனை கோட்டைத் தாண்டி 4 மில்லிமீற்றருக்குக் கிட்டப் போய் நிக்குது. மாலைபடத் திரும்பவும் கோட்டுக்கு வந்திட்டுது. ஒவ்வொரு நாளும் இப்பிடிப் போய் வாற சாமானை நாலு மூலையும் இறுக்கி ஸ்குறு அடிச்சா என்ன நடக்கும், நடுவில வில்லா வளையும், இல்லாட்டி போல்ற்றை இழுத்து பைபரைக் கிழிக்கும். அதால நடுவில ஒரு ஓட்டையை மட்டும் அளவா இறுக்கிப் போடுங்கோ, மற்ற ஓட்டை எல்லாம் நீட்டுப்பக்கமாப் பார்த்து நீள ஓட்டையாப் போடுங்கோ, பெரிய வாசர் வச்சு, இறுக்கிப்போட்டுக் கால்வாசிச் சுத்துத் திருப்பி விடுங்கோ. பலகைக்கு நடமாட இடம் குடுக்கவேணும், குடுத்தா அது ஒரு கரைச்சலும் தராது. எங்கட கரையில இதை வாங்கிச் சரிவரேல்ல எண்டு சொன்ன மூண்டு பேரின்ர போட்டைப் போய்ப் பாத்தனான், மூண்டும் பலகையின்ர பிழை இல்லை, மரம் மாதிரி இறுக்கினதுதான்.

போல்ற் ஸ்ரெயின்லெஸ்தான் போடவேணும், அதிலயும் 316 எண்டு கேட்டு வாங்குங்கோ. 304 உம் துருப்பிடிக்காது எண்டுதான் விப்பினம், கடலுக்கு அது காணாது, என்ர அணியத்தில போட்ட நாலில தேத்தண்ணி நிறத்தில கறை வந்து வெள்ளைப் பலகையில வழிஞ்சு கிடக்கு, கழுவவும் போகுதில்லை.

பிறகு தடிப்பு. 12 மில்லிமீற்றர் பெட்டி மூடிக்கும் சின்னச் சின்னத் துண்டுக்கும் நல்லாக் காணும், ஆனா நாலடி இருக்கைக்குக் காணாது. எச்டிபிஈ பிளைவூட் மாதிரி விறைப்பில்லை, ஆள் இருந்தாத் தொய்யும். நான் இருக்கையைப் பூட்டிப்போட்டு இருந்து பாக்கத் தொட்டில் மாதிரி இறங்கினது, பிறகு கழட்டிக் கீழ ஒரு அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை அதே பலகையில வெட்டிக் குடுத்துத்தான் சரிவந்திது. இருக்கைக்கெண்டா முதலே 18 எடுங்கோ, பாரத்தைப் பாக்காதேங்கோ.

இதில எனக்கு உண்மையாப் பயம் தந்த ஒரு குறை இருக்கு. வழுக்கல். காய்ஞ்சு கிடக்கேக்க ஒண்டுமில்லை, ஆனா மீன் சளியும் தண்ணியும் பட்டா சவர்க்காரம் பூசின மாதிரி. போன வருசம் ஆவணியில சோளகக் காத்து கொஞ்சம் தூக்கலா இருந்த நாள், வலை இழுக்கேக்க என்னோட வாற பெடியன் பெட்டி மூடிக்கு மேல கால் வச்சிட்டு அப்பிடியே சறுக்கிப் போட்டின்ர விளிம்பில விலா எலும்பு அடிபட்டு விழுந்தான். கடலுக்குள்ள போகேல்ல, கடவுள் புண்ணியம். ரெண்டு கிழமை அவன் தொழிலுக்கு வரேல்ல, நான் அவன்ர கூலியைக் குடுத்தனான் ஆனா அவன் இரும ஏலாமக் கிடந்ததைப் பாத்ததை மறக்கேலாது. வந்த அடுத்த நாளே மூடியைக் கழட்டி, பலகையில பள்ளம் வெட்டுற றூட்டர் மெசினால ஒரு அங்குலத்துக்கு ஒரு கோடாக் குறுக்கும் மறுக்கும் பள்ளம் போட்டன், ரெண்டு மில்லிமீற்றர் ஆழம். இப்ப சளி பள்ளத்தால வழிஞ்சு போகுது, கால் பிடிக்குது. றூட்டர் இல்லாத ஆக்கள் பழைய ரயரில பட்டி வெட்டி போல்ற் போட்டுப் பூட்டலாம். கால் வைக்கிற ஒரு இடத்திலயும் வழுவழுப்பான பலகையை அப்பிடியே விடாதேங்கோ.

வெயில் தாக்கத்தைப் பாத்தா, ஹோட்டல் பலகைக்கும் போட்டுக்கெண்டு செய்யிற பலகைக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான். ஸ்டார்போர்ட்டில வெயிலுக்குப் பழுதாகாமல் இருக்கிறதுக்கு மருந்து கலந்திருக்கு, வெட்டுப்பலகையில அது இருக்கும் எண்டு நம்பேலாது. என்ர மூடி ஒண்டரை வருசத்தில மேற்பக்கம் கொஞ்சம் சுண்ணாம்பு பிடிச்சமாதிரி ஆகியிருக்கு, கையில வெள்ளை ஒட்டுது, வெடிப்பு ஒண்டுமில்லை. அடுத்த தரம் கறுப்புப் பலகை எடுப்பன், அதில கலக்கிற கரி வெயிலை நல்லாத் தாங்கும், தண்ணிப் பைப்பும் தண்ணித் தாங்கியும் கறுப்பா இருக்கிறது அதுக்காகத்தான். கறுப்பு சுடும், இருக்கைக்குச் சரிவராது, எஞ்சின் பலகைக்கும் கயிற்றுக் கட்டைக்கும் அது நல்லம்.

காசு இல்லாத ஆக்களுக்கு ஒரு வழி, நீலப் பரல். வன்னியில பரல் இல்லாத வளவு இல்லை. அதுவும் எச்டிபிஈதான், அடியில முக்கோணத்துக்குள்ள 2 எண்டு குத்தியிருக்கும். மேலயும் கீழயும் வெட்டி நடுவால பிளந்தா ஆறடிக்குக் கிட்ட நீளம், ரெண்டரை அடி அகலத்தில ஒரு தகடு வரும். அதை நிமித்திறதுதான் பாடு. கொதிதண்ணி ஊத்தி, மேல கிடுகு போட்டு, மண்மூட்டை ஏத்தி ஒரு கிழமை வச்சன், எடுக்கத் திரும்பச் சுருளுது, முந்தினதில பாதி. முழுசா நிமிராது, ஆனா போல்ற் போட்டு இறுக்கிற சாமானுக்கு அது போதும், நான் வலை உரசுற விளிம்பு முழுக்க அதைத்தான் போட்டிருக்கிறன், வலை சிக்காம வழுகிப் போகுது, வழுக்கல் அந்த இடத்தில எங்களுக்கு உதவி. இரசாயனம் வந்த பரல் எண்டா மீன் படுற இடத்துக்குப் போடாதேங்கோ. பக்கத்து வீட்டுப் பெடியள் போத்தல் மூடி சேத்து உருக்கிப் பலகை ஊத்துறாங்கள், நெதர்லாந்தில 2013 இல டேவ் ஹக்கன்ஸ் எண்ட ஒரு பெடியன் தொடங்கின பிரெசியஸ் பிளாஸ்ரிக் எண்ட திட்டத்தின்ர வீடியோவைப் பாத்து, மெசின் படம் எல்லாம் சும்மா தருகினமாம். ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில அமத்தி எடுத்த துண்டு ஒண்டு எனக்குத் தந்தவங்கள், ஓரமெல்லாம் நெளிவு, நடுவில சிவப்பும் நீலமும் பச்சையுமாக் கலந்து கோயில் மாவிளக்குத் தட்டு மாதிரி. அதை நான் அணியத்துக் கட்டைக்குக் கீழ வச்சுப் பூட்டியிருக்கிறன், நல்லாத்தான் நிக்குது. அவங்களுக்கும் நான் சொன்னது ஒண்டுதான், பிவிசி ஒரு துண்டும் அதுக்குள்ள விழக்கூடாது, புகை நஞ்சு.

தவறணையைப்பற்றியும் எழுதாமல் விட்டா இது முழுசில்லை, ஏனெண்டா இந்தப் பலகை விசயம் முழுக்க அங்க இருந்து கதைச்சுப் படிச்சதுதான். கனடாத் தம்பி அங்கத்தைய கிராவ்ட் பியரைப்பற்றிப் புழுகிப் புழுகிச் சொன்னான், பெரிய கொம்பனியள் எல்லாம் ஒரே உருசியில பியர் விக்க, சின்னச் சின்ன ஆக்கள் தங்கட கையால கொஞ்சம் கொஞ்சமாச் செய்து ஊருக்கு ஒரு உருசி வச்சிருக்கினமாம், அமெரிக்காவில 1978 இலதான் வீட்டில பியர் செய்யிறதுக்குச் சட்டம் விட்டதாம், அதுக்குப் பிறகுதான் அது பெருகினதாம், ரொறன்ரோவில பழைய ரயில் கொட்டகைக்குள்ள 2000 ஆம் ஆண்டு தொடங்கின ஒரு இடத்துக்குத் தாங்கள் போறதாம். மோல்ற்றை அவிச்சு, ஹொப்ஸ் பூ போட்டுக் கசக்கப்பண்ணி, ஈஸ்ற் விட்டுக் கிழமைக்கணக்கா வச்சிருந்து எடுக்கிறது. சம்மாட்டி அண்ணை எல்லாத்தையும் கேட்டிட்டு, கையால செய்யிறது, கொஞ்சமாச் செய்யிறது, ஊருக்கு ஊர் உருசி மாறுறது எண்டா அது எங்கட கள்ளுத்தானேடா எண்டார். தம்பி கொஞ்சநேரம் பேசேல்ல. பிறகு ஓம் பெரியண்ணை, உண்மைதான் எண்டான்.

பனங்கள்ளு ஆருக்கும் ஈஸ்ற் போடத் தேவையில்லாத சாமான். முட்டியிலயும் காத்திலயும் இருக்கிறதே காணும், பாளையால வடியேக்கயே புளிக்கத் தொடங்கிடும், முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினா கருப்பநீர், பூசாட்டிக் கள்ளு, அவ்வளவுதான் வித்தியாசம். விடியக்காலமை இறக்கினது பத்து மணிக்கு இனிப்பும் புளிப்பும் பாதிப்பாதி, வெறி அஞ்சு வீதத்துக்குக் கிட்டத்தான், லயன் ஸ்டௌட் பியர் 8.8 வீதம் எண்டு போத்தலிலயே போட்டிருக்கு, அதோட பாத்தா இது பாதிக்குக் கொஞ்சம் கூட. பின்னேரம் நாலு மணிக்கு நல்லாப் புளிச்சிடும், அடுத்த நாள் வினாகிரி. எங்கட தவறணையில எனக்குப் பிடிச்சது, துணியில வடிவா வடிச்சுத் தருவினம், தேனீயும் எறும்பும் மிதக்காது, தண்ணி கலக்கிற பழக்கம் இல்லை, பிளா கேட்டா ஓலை மடிச்சும் தருவினம். பிளாவில குடிக்கிற கள்ளுக்கு ஓலையின்ர மணம் ஒண்டு சேரும், பிளாஸ்ரிக் கப்பில அது வராது, இவ்வளவு நேரம் பிளாஸ்ரிக்கைப் புகழ்ந்த நான்தான் சொல்லுறன். குறை எண்டா பின்னேரக் கள்ளு எனக்குச் சரிவாறேல்ல, வயித்தைக் கரைக்கும், போறதெண்டா பதினொண்டுக்கு முதல் போங்கோ. கடலுக்குப் போக முதல் ஒரு சொட்டும் தொடக்கூடாது எண்டது எங்கட ஆக்களுக்குள்ள எழுதாத சட்டம், என்ர போட்டில அதை மீறின ஒரு ஆளை நான் கரையில இறக்கிவிட்டுத்தான் போனனான்.

மிஞ்சின பலகையில ஒரு நீளத் துண்டைத் தவறணைக்குக் குடுத்தன், முந்திக் கள்ளு ஊத்துற மேசை மரம், புளிச்ச மணம் ஏறி எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, இலையான் மொய்க்கும். இப்ப வெள்ளைப் பலகை, ஒருக்காத் தண்ணி அடிச்சுத் துடைச்சாச் சரி, ஹோட்டலில சாப்பாட்டுக்குப் பாவிக்கிற பலகைதானே, கள்ளும் அதுக்குள்ள ஊறாது. வாற எல்லாரும் தடவிப் பாக்கினம்.

கடைசித் துண்டு ஒரு அடி நீளத்தில கிடந்தது. எங்களுக்குக் கள்ளுச் சீவுற அப்பு, எழுவது வயசிருக்கும், இண்டைக்கும் ஏறுறார், அவற்ற கத்தி தீட்டுற பலகை தேய்ஞ்சு நடுவில பள்ளம் விழுந்து கிடக்கிறதைக் கண்டிட்டு அவருக்கு நல்லா இருக்கும் எண்டு இதை வெட்டி, விளிம்பெல்லாம் உருட்டி, தொங்கவிட ஒரு ஓட்டையும் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். சந்தோசமா வாங்கினவர். மூண்டாம் நாள் கொண்டுவந்து கையில தந்தார். "தம்பி, கோவியாதை. கல்லுமா இதில நிக்குதில்லை, வழுகுது. கத்தி போய் வருது, கூர் வருதில்லை." மரத்தின்ர நார்க்குள்ள அந்த மா போய் இருந்துதான் கத்தியைத் தீட்டுது, இதில போய் இருக்க ஒரு இடமில்லை. அவர் பாளையை எப்பிடிச் சீவுறவர் எண்டு பாத்த ஆக்களுக்குத் தெரியும், தாள் மாதிரி மெல்லிசாச் சீவவேணும், கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் அண்டைக்குக் கள்ளு குறையும். நான் பழைய பிளைவூட்டைக் கழட்டேக்க எடுத்து வச்ச நல்ல மரக்கட்டை ஒண்டு கிடந்தது, அதைச் சீவிக் குடுத்தன், அதில இப்ப தீட்டுறார். வெள்ளைத் துண்டை அவர் திருப்பித் தரேல்ல, முட்டி கவிழ்த்துவைக்கிறதுக்கு வச்சிருக்கிறார், மண் ஒட்டாதாம்.